என் பெயருக்கு விழுந்த மான்

எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி கார்த்திகேசுவுக்கு மான் கறி என்றால் உயிர். துப்பாக்கி இருந்தது, அதற்கு லைசென்ஸ் இருந்தது, அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அந்த வருஷம், எழுபத்தேழில், எங்கள் வட்டாரத்துக்கு நான்கு மான்களுக்குத்தான் அனுமதி. ஈப்போவில் சீட்டுக் குலுக்கினார்கள். பெயர் வந்தவனுக்கு ஒரு தாளும், சுட்ட மானின் காலில் கட்ட எண் போட்ட தகர வில்லையும் கிடைக்கும். மனுஷன் சும்மா இருப்பாரா? என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கி, இரண்டு பெயரில் மனுப் போட்டிருந்தார். வந்தது என் பெயர்.

"உடையப்பா, உனக்கு யோகம்லா!" என்று முதுகில் தட்டினார்.

பீடோருக்கு உள்ளே நாங்கள் வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தைத் துரைமார் துண்டு போட்டு விற்ற பிறகு, வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போய்க்கொண்டிருந்தேன். மான் தடம் எனக்கு அத்துப்படி. ஆனால் துப்பாக்கி என்றால் எட்டி நிற்பேன். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட சட்டம் அப்போது எல்லோர் தலைமேலும் தொங்கியது. லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கி இருந்தால் தூக்கு.

"ஐயா, தாளு என் பேர்ல, துப்பாக்கி உங்க பேர்ல. மாட்டிக்க மாட்டோமா?"

"சுடப்போறது நான். நீ வழிய மட்டும் காட்டு."

தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் யார் இருக்கலாம், யார் காலி செய்யவேண்டும் என்பது இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழை என்றால் கோழைதான், போங்கள்.

"போறதுன்னா போங்க. அந்தச் சனியன மட்டும் தொட்டுறாதீங்க" என்றாள் என் மனைவி செல்லாயி. அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

காலை பத்து மணிக்கு மானைக் காட்டினேன். கிராணி சுட்டார். மான் தப்பியது, சத்தம் மட்டும் மலை முழுக்கக் கேட்டது. எரிச்சலோடு திரும்பினோம். வழியில் ஓடைக்குக் குறுக்கே ஒரு மரம், பாசி பிடித்துக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால்தான் தாண்ட முடியும்.

கிராணி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நீட்டுவார். குடை, ஆள் வருகை பதியும் செக்ரோல் புத்தகம், பிளாஸ்க், எதுவானாலும் பின்னால் ஒருவன் வாங்கிக்கொள்வான். நானும் வாங்கிக்கொண்டேன், பவ்வியமாக இரண்டு கையாலும். மூளை எங்கே போனதோ! கையில் கனத்த பிறகுதான் அது என்ன என்று உறைத்தது.

"ஐயா, பிடிங்கய்யா!" என்று கத்தினேன். அவர் அக்கரையில் கால் வைத்துவிட்டார்.

"ஜாங்ஙான் கெராக்!"

அசையாதே என்று ஆறு ராணுவத்தார் புதரிலிருந்து எழுந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டு வந்த ரோந்துப் படை. அவர்களுக்குத் தலைவரான சார்ஜன் துப்பாக்கியை என் கையிலிருந்து பிடுங்கினார். என் சட்டைப் பையில் தாளும் தகர வில்லையும் அகப்பட்டன. பெயரை வாசித்து, என் அடையாள அட்டையோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுதான்.

கிராணியைப் பார்த்தேன். அவர் முகம் வியர்த்துக் கொட்டியது. லைசென்ஸ் இல்லாதவனிடம் துப்பாக்கி கொடுத்தவனும் தப்ப முடியாது என்று அவருக்குத் தெரியாதா? துரைமாரிடம் பேசிய அதே நிதானத்தோடு மலாயில் சொன்னார். துப்பாக்கி தன்னுடையதுதான். குலுக்கலில் பெயர் விழுந்ததும் இவனுக்கு ஆசை மிஞ்சி, வீட்டிலிருந்து திருடிக்கொண்டு வந்துவிட்டான். தேடிப் பிடிக்கத்தான் தான் பின்னால் வந்தது.

நான் அலறினேன்.

"பொய்யி! நீதான்யா சுட்ட! நீதான் குடுத்த!"

அவரை நான் நீ என்று சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ஆனால் சொன்னது தமிழில். கடைத்தெருவில் மீன் வாங்கத் தெரிந்த மலாய்கூடப் பயத்தில் நாக்குக்கு வரவில்லை. திரும்பத் திரும்பத் தமிழிலேயே கத்தினேன்.

சார்ஜன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிராணி பக்கம் திரும்பினார்.

"இவன் என்ன சொல்கிறான்?"

கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்காக மலாயில் பேச ஆரம்பித்தார்.