நிற்பவர் சங்கமும் ஒரு மடக்கு நாற்காலியும்

மனித குலம் இரண்டே பிரிவு. கடலின் முன்னால் நிற்பவர்கள், கடலின் முன்னால் உட்காருபவர்கள். நாடு, மொழி, நிறமெல்லாம் பிற்பாடு வந்த உட்பிரிவுகள். கண்டங்களைக் கண்டுபிடித்தவர்கள் முதல் பிரிவினர். இரண்டாம் பிரிவினர் அப்போது குஷன் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த உண்மையை லிஃப்ட் மெக்கானிக் கண்டறிந்தது காலை ஐந்தே முக்காலுக்கு, கார் டிக்கியைத் திறந்தபோது. உள்ளே அவருடைய தூண்டில் கோல்களின் மேல் ஒரு மடக்கு நாற்காலி ஒய்யாரமாகப் படுத்திருந்தது.

"என்ன மாப்ளே இது?"

"நாற்காலி அத்தான்," என்றான் மனைவியின் தம்பி. பல் டாக்டர்.

"அது கண்ணுக்குத் தெரியுது. நாம போறது கடலுக்கா, கச்சேரிக்கா?"

"உட்காரத்தான் எடுத்துக்கிட்டேன்."

"ஊர்ல உள்ளவனையெல்லாம் நாற்காலியில சாய்ச்சுப் போட்டே பொழைக்கிறவன் நீ. உனக்கு வேற என்ன தோணும்? அது சரி, கைப்பிடியில என்ன ஓட்டை?"

"டீ கப் வைக்க."

மெக்கானிக் காலித் தெருவைச் சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல் சுற்றிலும் பார்த்தார். "டீக்குத் தனி வீடு! விட்டா கடலுக்கும் ஒரு நாற்காலி போட்டு எதிர்ல உட்கார வச்சிருவான்."

சிரித்துக்கொண்டே நாற்காலியைப் புரட்டி, எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதிய சீட்டைத் தேடினார். அது தொழில் புத்தி. முப்பது வருடமாக எடை அளவைப் படிக்காமல் அவர் எதிலும் ஏறியதில்லை. தன் கல்யாணத்தன்றே மேடை எத்தனை பேரைத் தாங்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் மாலை வாங்கிக்கொண்டார். சீட்டு கண்ணில் படுவதற்குள், தான் யார் என்பது ஞாபகம் வந்து டிக்கியை அறைந்து மூடினார்.

பெயருக்குத்தான் உல்லாசப் பயணம். உண்மையில் அது பரீட்சை. வினாத்தாள் தயாரித்தவர் அவர் மனைவி. நர்சுகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷின் கூடத்தின் நடுவில் நிற்க, பின்னறையில் ஒரு கூடாரமும் மூன்று தூண்டில் கோல்களும் ஒரு ஸ்டவ்வும் ராஜபோகமாக வாழ்ந்துகொண்டிருந்தன. மூன்று வருடம் முன்பு மெக்கானிக்கின் இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து அவற்றை யாரும் தொடவில்லை. அன்றைக்கு அவரை மூன்றாவது மாடியிலிருந்து நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து விசாரித்தார்கள். அன்றிலிருந்து நாற்காலி என்றாலே அவருக்கு ஒரு கடுப்பு. காரணம் கேட்டால் கண்டங்களைப் பற்றிச் சொல்வார்.

மனைவியின் தீர்ப்பு சுருக்கமானது. "ஒரு நாள் போய்ட்டு வாங்க. உங்க பழைய இடத்தையெல்லாம் ஆசை தீரப் பாருங்க. திரும்பி வந்து மூணு மாடியும் யார் தோளையும் புடிக்காம, கைப்பிடியத் தொடாம ஏறிட்டீங்கன்னா அந்த ரூம் உங்களுக்கு. இல்லன்னா டென்ட்டை யாருக்காவது குடுத்துருவேன், மெஷின் உள்ள போகும். மேல நின்னு பாத்துட்டே இருப்பேன்."

"அம்பத்தி நாலு படி. ஃபூ!" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கிளம்பியிருந்தார்.

முதல் இடம், மரங்களுக்கடியில் அவர்கள் முன்பு கூடாரம் அடித்த மணல் திட்டு. மரங்கள் இருந்தன. திட்டின் மேல் கார் நிறுத்துமிடம் இருந்தது. மெக்கானிக் கடலையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்து, கையால் அளந்து, பதினோராம் எண் கட்டத்துக்குள் நின்று, "இங்கதான் ஸ்டவ் வச்சோம்" என்றார். ஹாரன் கேட்டது. கட்டத்துக்கு உரியவர் வந்திருந்தார்.

இரண்டாவது இடம், பாறை. அதைச் சுற்றிக் கம்பிவேலி. வேலியில் தூண்டிலின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை. மெக்கானிக் வேலியைப் பிடிக்காமல், இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றார்.

"இதே பாறைதான் மாப்ளே. மீன் என் கை நீளம். இழுத்துப் போட அரை மணி நேரம்."

நாற்காலியைப் பிரித்து உட்கார்ந்திருந்த பல் டாக்டர் டீயை உறிஞ்சினான். "அத்தான், அன்னைக்கு நானும் கூட இருந்தேன்."

"இருந்தியா?"

"அத வாளியில தூக்கிட்டு வந்ததே நான்தான். டீ வாங்கப் போற தூக்குவாளி."

"உனக்கு அப்ப பன்னெண்டு வயசு. எல்லாம் சின்னதாத் தெரியும்," என்றார் மெக்கானிக். பன்னிரண்டு வயதில் எல்லாம் பெரிதாகத்தானே தெரியும் என்று பல் டாக்டர் கேட்கவில்லை. சொத்தைப் பல்லை முதல் நாளே பிடுங்கக் கூடாது என்பது அவன் தொழில் புத்தி.

மூன்றாவது இடம் மட்டும் துரோகம் செய்யவில்லை. கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர் அப்படியே இருந்தது. அதன் மேல் தூண்டில்காரர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது நாற்காலியின் கைப்பிடியிலும் ஓட்டை இருந்தது. மெக்கானிக் அவர்களை ஒரு வரலாற்றுச் சோகத்துடன் கடந்து, சுவரின் நுனியில் போய் நின்று தூண்டிலை வீசினார்.

ஒரு மணி நேரம் மீனும் அவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் மணியில் இடுப்பில் ஏதோ ஒரு திருகாணி அரைச் சுற்று இறுகியது. இடது காலுக்கு எடையை மாற்றினார். திரும்ப வலது காலுக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த மைத்துனன் சத்தமில்லாமல் இரண்டு மீன் பிடித்துவிட்டான்.

"வலிக்குதா அத்தான்?"

"வலியா? காத்து தள்ளுது."

"வலிச்சா இடது கையத் தூக்குங்க. எங்க கிளினிக்ல அதான் வழக்கம்."

"ஒன் கிளினிக்ல படுத்துக் கெடக்கிறவனுக்குச் சொல்லு. நான் நிக்கிறவன்."

மூன்றாம் மணியில் அரைச் சுற்று முழுச் சுற்றானது. மெக்கானிக் கடலைப் பார்த்தார். தெரிந்தது ஐம்பத்து நாலு படி. மனதுக்குள் ஏறிப் பார்த்தார். இருபத்திரண்டாவது படியில் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. மேலே அவள் நின்றுகொண்டிருந்தாள். பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூடாரத்தை முன்பின் தெரியாத எவனோ ஒருவன் தப்பாக மடித்து எடுத்துப் போனான். முதலிலிருந்து ஏறினார். இந்த முறை பதினெட்டு.

பல் டாக்டர் எழுந்தான். "மீன் நாத்தம், கை கழுவிட்டு வரேன். குழாய் அந்தக் கோடியில இருக்கு, கால் மணி நேரம் ஆகும்." நாலடி போய்த் திரும்பினான். "தொண்டை வேற சரியில்ல. வர்றப்ப செருமிட்டே வருவேன், பயந்துராதீங்க."

"நான் எதுக்குடா பயப்படணும்?"

அவன் போய்விட்டான். நாற்காலி இருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் ஒரு விஷயத்தை யோசித்தார். கட்டட உரிமையாளர்களிடம் முப்பது வருடமாகத் தொண்டை கிழியச் சொல்லிவரும் விஷயம்தான்: மோட்டார் சூடானால் நிறுத்தி ஆறவிட வேண்டும், ஆறவிடாமல் ஓட்டினால் பாதி மாடியில் நின்றுவிடும். இதற்குப் பெயர் பராமரிப்பு. உட்காருவது என்பது முற்றிலும் வேறு.

வரிசையாக இருந்த ஒன்பது பேரையும் பார்த்தார். ஒன்பது பேரும் மிதவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூண்டில் கோலைக் கல்லிடுக்கில் செருகினார். நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, பின்னால் தைத்திருந்த சீட்டைப் படித்தார். நூற்றிருபது கிலோ. அவர் தொண்ணூற்று மூன்று.

உட்கார்ந்தார்.

திருகாணி கால் சுற்று, அரைச் சுற்று என்று கழன்று வந்தது. கண்ணை மூடி மறுபடி படி ஏறினார். முப்பது. கொஞ்ச நேரம் கழித்து நாற்பத்தைந்து. ஓட்டையில் மைத்துனன் விட்டுப்போன டீ இன்னும் ஆறவில்லை. ஒரு வாய் குடித்தார்.

தூரத்தில் செருமல் கேட்டது. பிறகு இன்னொன்று, கூடுதல் சத்தமாக. எழுந்துகொள்ளப் போதுமான நேரம் இருந்தது. ஐம்பத்து நாலுக்கு இன்னும் ஒன்பது படி பாக்கி இருந்தது.

மெக்கானிக் கோப்பையை அதன் வீட்டில் வைத்தார். பிறகு, கடலைப் பார்த்தபடியே, இடது கையை மெதுவாகத் தூக்கினார்.