ஃபில்டர் யாரோட சாமான்?

ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். சாமான் ஏற்றி இறக்கும் நெட்டையன் தனக்கு அவ்வளவு தரவேண்டும் என்று ரேடியோக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். பணம் வரும்வரை அவனுடைய தள்ளுவண்டியைத் தன் வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். வண்டி இல்லாதவனை நான்கு நாளாக யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ரேடியோக்காரர் வீடு மாற்றும்போது வந்த வினை. மாடிப்படித் திருப்பத்தில் நெட்டையன் தூக்கி வந்த அவருடைய பழைய ரேடியோப் பெட்டி சுவரில் இடித்தது. புது வீட்டில் போட்டுப் பார்த்தால் பெட்டி ஊமை. ஃபில்டர் போய்விட்டது, அதன் விலையை வை என்றார்.

ஐந்தாம் நாள் காலை நெட்டையன் மனைவியோடு அவர் வீட்டில் போய் நின்றான். அவள் மோட்டார் கடையில் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுபவள்.

"இடிச்சது நெஜம் சார். கீறலுக்குத் தர்றேன். மத்ததுக்குச் சல்லிக்காசு தரமாட்டேன்."

"பின்ன யாரு, உங்கப்பனா தருவான்?"

"அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. அவரை இழுக்காதீங்க."

ரேடியோக்காரர் பெட்டியிலிருந்து கழற்றிய விரல் நீள உலோகக் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினார். மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஃபில்டருன்னா ஓட்டை இருக்கணுமே சார்?"

"டீ வடிக்கிறது இல்லம்மா இது!" சிரிப்பை அடக்க முடியாமல் அவரே விளக்கினார். உள்ளே மெல்லிய கம்பிகளால் கோத்த சின்னத் தட்டுகள் இருக்கும். ஒரு முனையிலுள்ள காயில் மின்சாரத்தை நடுக்கமாக்கும். தட்டுகள் தங்களுக்கு ஒத்துப்போகிற நடுக்கத்தை மட்டும் கைமாற்றிக் கொடுக்கும். மற்றது வழியிலேயே அடங்கிவிடும். மறுமுனைக் காயில் அதைத் திரும்ப மின்சாரமாக்கும். காற்றில் நூறு பேர் பேசினாலும் ஒருவர் குரல் தனியாகக் கேட்பது அதனால்தான்.

அவள் தன் பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள். "ரெண்டு காயிலும் உசுரோடதான் இருக்கு."

"அப்ப உன் புருஷன் இடிச்சதுல தட்டு உடைஞ்சிருக்கு."

"திறந்து பாத்துடலாம்."

"கை வெச்சே, தெரியும்!"

நெட்டையன் குறுக்கே வந்தான். "முழு வெலையும் நான் குடுக்கணும்னா அது என் சாமான். என் பொண்டாட்டி திறப்பா. இல்ல, உங்க சாமான்தான்னா வண்டியை அவுத்து விடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

ரேடியோக்காரர் சீட்டை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். அதற்குள் அவள் பற்றவைப்புக் கோலால் மூடியை ஒட்டியிருந்த ஈயத்தை உருக்கிவிட்டாள்.

ஒரு தட்டும் உடையவில்லை. அடி படாமலிருக்கச் சுற்றி வைத்த ஸ்பாஞ்சு நாள்பட்டு உருகி, தார் மாதிரி தட்டுகளைக் கவ்விக்கொண்டிருந்தது. பிடித்துவைத்த தட்டு எப்படி நடுங்கும்?

"கடைசியா இதை எப்ப போட்டுக் கேட்டீங்க?" என்றான் நெட்டையன்.

"மூணு வருஷம்... இருக்கும்."

"நல்லா இருக்கு சார் உங்க நியாயம்."

அவள் ஸ்பிரிட்டில் தட்டுகளை அலசி, காயவைத்து, புது ஸ்பாஞ்சை இறுக்காமல் சுற்றிப் பொருத்தினாள். பெட்டியைப் போட்டதும், இரைச்சலுக்கு நடுவிலிருந்து எங்கோ ஒருவர் "கேக்குதா, கேக்குதா" என்றார். ரேடியோக்காரர் போய்ப் பூட்டைத் திறந்தார்.

"எடுத்துட்டுப் போ. கடனை விட்டுட்டேன்."

"வாயால விட்டா பத்தாது. சீட்டுல அதை அடிச்சுடுங்க. கீறலும் என் நாலு நாள் கூலியும் சரிக்குச் சரின்னு எழுதுங்க."

எழுதினார். நெட்டையன் எழுத்துக் கூட்டிக் கடைசிவரை படித்தான்.

"தேதி போடலியே சார்."

தேதியும் போட்டார்.