முகம் இல்லை, மடிப்பு இருக்கிறது

கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிப் போயிருந்தன. வேலை இடத்தில் எல்லோரும் 'இடக்கை' என்று கூப்பிடுகிறவள், வீட்டுக்குள் வந்ததும் செருப்பை உதறிவிட்டுத் தரையில் மல்லாந்து, காலைச் சுவரில் தூக்கிப் போட்டாள். ஒன்பது மணி நேரம் நின்றபடியே பெட்ஷீட் மடித்த கால். ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துத் தரும் அந்த லாண்டரியில் மடிக்கிறவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் வேலை தூங்கிவிடும் என்பது சூப்பர்வைசரின் கட்சி. அவன் மட்டும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து விழித்திருப்பான்.

அக்கா மகள் போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரியில் கடைசி வருஷம். தொழிலாளர்களுக்காகப் பேசும் சின்ன அமைப்பு ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சி. ஸ்டூல் கேட்டு மூன்று நிமிட வீடியோ எடுப்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை.

"முடிச்சிட்டேன் சித்தி. நாளன்னைக்கு உங்க மேனேஜரையும் சூப்பர்வைசரையும் எங்க ஆபீசுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டறோம். மொதல்ல நீ பாரு."

பார்த்தாள். முகம் எங்கேயும் இல்லை. குரல் தவளைக்குச் சளி பிடித்த மாதிரி மாறியிருந்தது. அப்புறம் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள் ஒரு பெட்ஷீட்டை மடித்தன, மடித்தன, மடித்துக்கொண்டே இருந்தன. இடக்கையே லாண்டரியில் சோப்பு டப்பாக்களுக்கு நடுவில் போனை ஒளித்துவைத்து எடுத்துக் கொடுத்தது. காலை இறக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"பாவி மகளே, இதுக்கு என் போட்டோவையே ஒட்டியிருக்கலாமே!"

"என்ன சித்தி? முகம் தெரியல, கை தெரியல, குரலையும் மாத்திட்டேன்."

"மடிப்பு தெரியுதேடி!"

அக்கா மகளுக்கு விளங்கவில்லை. மடிக்கும் மேசைகள் ஆறு. ஆறு பேருக்கும் ஆறு கை. இவள் இடது கைக்காரி. இடப்பக்கமிருந்து இழுத்து மடித்து, கடைசி ஓரத்தை உள்ளே செருகுவாள். அப்படிச் செருகும் ஆள் அங்கே வேறு யாரும் இல்லை. போன வருஷம் ஓர் ஓட்டலிலிருந்து கறையோடு ஒரு பெட்ஷீட் திரும்பி வந்தபோது, சூப்பர்வைசர் ஓரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நேரே இவள் மேசைக்கு வந்து விட்டெறிந்தான். உடை மாற்றும் அறையைத் தாண்டி உள்ளே போன் கொண்டுவந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். இரண்டு பேருக்குப் போயிருக்கிறது.

அக்கா மகள் நகத்தைக் கடித்தாள். "அதை வெட்டிட்டா மிச்சம் வெறும் குரலும் எழுத்தும்தான் சித்தி. வேற யாரையாவது மடிக்கச் சொல்லி..."

"யாரு மடிச்சாலும் அவ மாட்டுவா. போ, போய்த் தூங்கு."

மறுநாள் காலையில் இடக்கையின் கை வேலையில் நிற்கவில்லை. அடுத்த மேசைக்காரி ரேடியோ எட்டிப் பார்த்தாள். அந்தப் பேர் சும்மா வரவில்லை. அவள் காதில் காலையில் போட்டது டீ நேரத்துக்குள் இஸ்திரிப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். வீடியோ எடுத்த நாளிலிருந்து மூன்று வாரமாக இடக்கை அவளிடம் வாயையே திறக்கவில்லை.

"என்னடி, பெட்ஷீட்டுக்குச் சுருக்குப் போடறியா? யாரைத் தூக்குல மாட்டப்போற?"

"என்னைத்தான்," என்று சொல்லி, இடக்கை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ரேடியோ மடிப்பதை நிறுத்தவில்லை. "சோப்பு டப்பாங்களுக்கு நடுவுல போனைச் சொருகினியே, அன்னைக்கே பார்த்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்ற சமாச்சாரத்தைத்தாண்டி நான் சொல்லுவேன்." கடைசி மடிப்பை உள்ளங்கையால் அழுத்தினாள். "ஆளுக்கு ஆள் மடிப்பை மாத்திக்குவோம். எவ கைன்னு அவன் எப்படிக் கண்டுபிடிக்கறான்னு பார்க்கலாம்."

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஆறு பேரும் உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கழித்துப் போட்ட கிழிசல் பெட்ஷீட்டுகள், புதுக் கையுறைகள், அலமாரி மேல் இடக்கையின் போன். ரேடியோ இடது கையால் ஓரத்தைச் செருகப் பார்த்து, கட்டை விரலைத்தான் செருகினாள். இடக்கை வலது பக்கமிருந்து ரேடியோ மாதிரி மடித்தாள். பாதியில் முழங்கை முழங்கையோடு சிக்கிக்கொண்டது.

"எம் மடிப்பு என்ன இவ்ளோ அசிங்கமாவா இருக்கும்?" என்றாள் ரேடியோ.

"இதைவிடக் கேவலம். நான் கொஞ்சம் திருத்தி மடிக்கறேன்."

சிரித்துச் சிரித்து நான்கு தடவை முதலிலிருந்து எடுத்தார்கள். மணி அடித்தபோது ஆறு டிபன் பாக்ஸும் திறக்காமலே இருந்தன. பசியோடு அப்படியே மேசைக்கு ஓடினார்கள்.

அக்கா மகள் விடிய விடிய உட்கார்ந்து பழையதை வெட்டி எறிந்து புதியதைச் சேர்த்தாள். போட்டுக் காட்டிய அன்று சாயங்காலம் செருப்போடு வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

"உங்க சூப்பர்வைசரு மூணு தடவை ஓட்டச் சொன்னாரு சித்தி! 'இது ரேடியோ மடிப்பு. ஆனா அவ இவ்ளோ மெதுவா மடிக்க மாட்டாளே'ங்கறாரு. அப்புறம், 'இது இடக்கை... இல்ல, அவ செருகினா இப்படிப் பிதுங்காது'ங்கறாரு. மேனேஜரு கடுப்பாகி, 'யோவ், அதை விடு. மேசை எவ்ளோ உயரம்? ஸ்டூல் போட்டா சரியா வருமா?'ன்னு கேட்டுட்டாரு!"

இடக்கை சிரிக்கவில்லை. நாளைக் காலை ஒன்று பாக்கி இருந்தது.

காலையில் சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்து மேசை மேசையாக வந்தான். ஆறு பேரும் அவரவர் மடிப்பைத்தான் மடித்துக்கொண்டிருந்தார்கள். இடக்கையின் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தான். செருகிய ஓரத்தை விரலால் தடவினான். இவளைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான். பெட்ஷீட்டைத் திரும்ப வைத்தான்.

"அளவு டேப் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இடக்கை அடுத்த பெட்ஷீட்டை இழுத்துப் போட்டாள். கெண்டைக்கால் அதே வலிதான் வலித்தது. அது இன்றைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"ரொம்பப் பல்லைக் காட்டாத," என்றாள் ரேடியோ. "பட்டினி கிடந்தோம்ல? ஸ்டூல் வரட்டும். ஆளுக்கு அரை மணி நேரம் நாங்க உக்காந்துக்கறோம், எங்க மேசையையும் சேர்த்து நீ மடிக்கற."

"மடிக்கறேன்டி."

ஸ்டூல் இன்னும் வரவில்லை. ஐந்து பேருக்கு, ஆளுக்கு அரை மணி நேரம்: இடக்கை இரண்டரை மணி நேரம் கடன்பட்டிருக்கிறாள்.