அக்ரூட் வேர்

தம்பிக்காரனுக்கு வாய் நீளம். போன வருஷம் வேலியோரத் தக்காளிச் செடிகள் பூக்கும் நேரத்தில் தலை தொங்கியதும், வேலிக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்துத் தெருவே கேட்கும்படி கத்திவிட்டான்.

"சோப்புத் தண்ணியை வேணும்னே இந்தப் பக்கம் தள்ளறீங்க! நான் நல்லா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதே!"

அம்மா போனபின் அவனைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவள் அண்ணி. மறுநாளிலிருந்து துணி மூட்டையோடு வாசல் குழாய்க்குப் போனாள். அவனோடு பேச்சு நின்றது.

இந்த வருஷம் ஒரு சொட்டு சோப்புத் தண்ணி வரவில்லை. செடிகள் அப்படியும் படுத்தன. மண் பரிசோதனைக்காரம்மாவை அழைத்து வந்தான். அவர் மண்ணைத் தொடவே இல்லை. வேலியை ஒட்டி நின்ற அண்ணன் வீட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அக்ரூட்தானே? இதோட வேர்ல ஒரு நஞ்சு ஊறும். பக்கத்துல தக்காளி பிழைக்காது. சோப்பாவது ஒண்ணாவது!"

ஜன்னலில் அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் தச்சனான அண்ணன் ரம்பத்தோடு நின்றான். மதியத்துக்குள் மரம் சாய்ந்தது.

தம்பி அந்தம்மாவுக்குப் போன் போட்டான். "மரத்தை வெட்டியாச்சும்மா!"

"வெட்டினா? வேர் உள்ளதானே இருக்கு? அது மக்கி முடிய நாலஞ்சு வருஷம் ஆகும்பா."

அவமானம் பிடுங்கித் தின்ன, அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அண்ணி, தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? தெருவே கேக்கத்தானே கத்தின? இப்ப மரம் போயாச்சு. அடுத்த வருஷம் அதே இடத்துல தக்காளி காய்க்கட்டும், எல்லாரும் பாக்கட்டும். அப்புறம் பேசறேன்."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். வாய் வரவில்லை. "காய்க்காது அண்ணி. வேர் மக்கற வரைக்கும், நாலஞ்சு வருஷம்..."

அண்ணி கையிலிருந்த ஈரத்துணியைப் பிழியாமல் அப்படியே வாளியில் போட்டாள்.

"இனிமே பழி போட மரமும் இல்ல. அதுவரைக்கும் செடி சாகறப்பல்லாம் தெரு யாரைப் பாக்கும்?"