படியில் நிற்பவர்

பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணச் சொல்லியிருந்தார் கம்ப்யூட்டர் கடைக்காரர். அவள் தரையில் மண்டியிட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனை இடுக்கிக்கொண்டு எண்ணினாள். கட்டிலில் அம்மா அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அம்மாவால் இப்போது செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

திரையில் கம்பெனிச் சின்னம் வந்தது. அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. சுற்றிவிட்டு ஒன்றுமில்லாமல் கறுத்தது. மறுபடி சின்னம், மறுபடி புள்ளிகள். காலையிலிருந்து இதே கூத்து.

"வந்துச்சா மேடம்?"

"வர்ற மாதிரி வந்துட்டுப் போயிடுதுங்க."

"ஓடிக்கிட்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கு. பேட்டரியும் செத்ததுங்கிறீங்க. டிஸ்க்குல ஏதோ கெட்டிருக்கும். கடைக்கு எடுத்துட்டு வாங்க, பாத்துடலாம்."

"எடுத்துட்டு எப்படிங்க வர்றது? எங்கம்மா பேசுறதே அதுலதான்."

கடைக்காரர், "சரி, இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்க" என்றார்.

அம்மாவுக்கு முதலில் கை போயிற்று, அப்புறம் கால், அப்புறம் நாக்கு. கண் மட்டும் மிஞ்சியது. திரைக்குக் கீழே இருந்த கேமரா அந்தக் கண்ணைப் பார்க்கும். எந்த எழுத்தை உற்றுப் பார்க்கிறாளோ அது வரிசையில் போய் விழும். எழுதி முடித்ததை மிஷின் படித்துச் சொல்லும். அதில் இருந்த ஒரே தமிழ்க் குரல் ஆண் குரல். அந்தக் குரலில்தான் அம்மா ஒன்றரை வருஷமாக வீட்டை ஆண்டாள். "உங்க வீட்ல புதுசா யாரு ஆம்பளை, எப்பப் பாரு அதட்டிக்கிட்டே இருக்காரு?" என்று எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேட்டே விட்டாள்.

அதட்டல் வாங்கியது பெரும்பாலும் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆயுசு முழுக்கப் படியில் நின்றே பழகியவர். அம்மா படுத்ததிலிருந்து அந்த அறைக்குள் அவர் வந்து உட்கார்ந்ததே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்பார், போய்விடுவார். "படியில நிக்காதீங்க, உள்ள எடம் இருக்கு" என்று மிஷின் சொல்லும். அவர் பஸ்ஸில் சொன்னதையே அம்மா அவருக்குத் திருப்பிக் கொடுப்பாள். அப்பா சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். அவருக்குப் பயம். அசையாத உடம்பிலிருந்து இரண்டு கண் தன்னைப் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

போகும்போது அவர் கை தன்னால் சுவிட்சுக்குப் போகும். எந்த அறையிலிருந்து கிளம்பினாலும் அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

இன்று காலையில் அம்மா எழுத ஆரம்பித்திருந்தாள். "அவர்கிட்ட சொல்லு" என்பது வரைக்கும் மகள் பார்த்தாள். "முழுசா எழுதி வைம்மா, துணியை நனைச்சுப் போட்டுட்டு வர்றேன்" என்று போனாள். திரும்பி வந்தபோது திரை கறுப்பு. நிலைக்குப் பக்கத்தில் மிஷினுக்கான சுவிட்ச் அணைந்திருந்தது. அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடியிருந்தா, தூங்குறாளாக்கும்னு நெனச்சேன்மா."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்திருக்கலாம்லப்பா!"

கத்தியது தப்பு. அவர் முகம் அப்போதே செத்துவிட்டது.

மத்தியானம் அவள் ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி எடுத்து வந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சொன்னாள். ஆமாம் என்றால் அம்மா மேலே பார்க்க வேண்டும், இல்லை என்றால் கண்ணை இறுக்கி மூட வேண்டும். க, ச, ட என்று போய்க்கொண்டே இருந்தாள். நம் எழுத்துகளுக்கு முடிவே கிடையாதோ என்று எரிச்சலாக வந்தது. அம்மா அட்டையைப் பார்க்கவே இல்லை. அவள் கண் மகளின் தோளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போய் நின்றது. அங்கே சுவிட்ச் போர்டு. அதற்குப் பக்கத்தில், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பா.

"சுவிட்சைப் பாக்குறியாம்மா? ஆமா, அப்பாதான் அணைச்சிட்டாரு. தெரியாமப் பண்ணிட்டாரும்மா. கோச்சுக்காத."

அம்மா கண்ணை இறுக்கி மூடினாள்.

"பாத்தியா?" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. "மன்னிக்க மாட்டேங்குறா. வாயைக் கட்டிட்டேன்ல நான்." அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை.

அம்மா கண்ணைத் திறந்து மறுபடி கதவையே பார்த்தாள். மகள் வேறு வழி தெரியாமல் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மிஷினோடு மல்லுக்கு நின்றாள். வயரைப் பிடுங்கிச் செருகினாள். ஏதேதோ பட்டன்களைச் சேர்த்து அமுக்கினாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், நாடியைப் பிடித்துவிட்டு, "அதை விடுங்க, கூட உட்காருங்க" என்றாள். இதோ, இதோ என்றாள் இவள். அம்மா உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறாள், கதவு இந்தப் பாழாய்ப் போன பெட்டியில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுபடி முப்பது எண்ணிவிட்டு நிமிர்ந்தபோது அம்மாவின் கண் கதவு மேலேயே இருந்தது. ஆனால் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன மறுநாள், அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அவ என்ன சொல்ல வந்தான்னு எடுக்க முடியுமாம்மா? என்னைத் திட்டத்தான் செஞ்சிருப்பா. திட்டட்டும். அது தெரியாம எனக்கு ஒரு வாய் உள்ள எறங்கல."

அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் பென்டிரைவைச் செருகி எதையெதையோ ஓட்டினார். சாயங்காலம், "உயிர் வந்துடுச்சு மேடம். பாஸ்வேர்டு மட்டும் நீங்கதான் போட்டுக்கணும்" என்று கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் வைத்துப் போட்டாள். அம்மா வைத்த பாஸ்வேர்டு, இவளுக்குத் தெரியாது. தன் பிறந்தநாளைக் கொடுத்தாள். இல்லை. கல்யாண நாள். அதுவும் இல்லை.

"பதினேழு ஏ போட்டுப் பாரு" என்றார் அப்பா, நிலைப்படியிலிருந்து. "என் பஸ்ஸு. கல்யாணத்துக்கு முன்னாடி தெனம் அதுலதான் வருவா."

திறந்துகொண்டது. அம்மா எழுதியதெல்லாம் நாள்வாரியாக இருந்தது. கடைசி நாளில் இரண்டு வரி.

*அவர்கிட்ட சொல்லு மிஷினை அணைச்சிடச் சொல்லு பேசினது போதும்*

*பயப்படாம உள்ள வந்து உக்காரச் சொல்லு எடம் இருக்கு*

அவள் நிமிர்ந்து நிலைப்படியைப் பார்த்தாள். அம்மா பார்த்தது சுவிட்சை இல்லை.

"என்னம்மா போட்டிருக்கா? அவ குரல்லயே போடு."

முதல் வரியை மட்டும் தொட்டாள். ஆண் குரல் நிதானமாகப் படித்தது. அவர்கிட்ட சொல்லு, மிஷினை அணைச்சிடச் சொல்லு, பேசினது போதும்.

அப்பா திரையையே பார்த்தார். "அப்போ... நான் அவ சொல்ல வந்ததைத்தான் செஞ்சிருக்கேனா?"

"ஆமாப்பா."

"திட்டலியே?"

"திட்டலப்பா."

"வேற ஒண்ணும் இல்லியே?"

இரண்டாவது வரி அவள் விரலுக்குக் கீழே இருந்தது. கதவைப் பார்த்துக்கொண்டே இருந்த அந்தக் கண்ணை அவரிடம் சொல்ல அவளால் முடியாது. இனி என்றைக்கும் முடியாது.

"அவ்வளவுதாம்ப்பா."

அவர் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முகம் லேசாகியிருந்தது. "அவ சொன்னா சரிதான்" என்றார். கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது. திரை அணைந்தது.

பிறகு அவர் உள்ளே வந்தார். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து, மெத்தை சுருட்டி வைத்திருந்த கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். "லைட்டு வேணாம்மா" என்றார். அவள் எழுந்து போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.