மூன்றாம் இளவரசருக்கு எந்த ராக் பேண்ட் பிடிக்கும்?

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கல்லூரி இதழாசிரியர் 'ராக் ரசனையும் தலைமுறையும்' என்று தலைப்புக் கொடுத்தார். "மனிதனின் காது பதினேழு வயதில் மூடிக்கொள்கிறது; அதற்குப் பிறகு உள்ளே போவது குளிக்கும்போது போகும் தண்ணீர் மட்டும்" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தின் அழகில் நானே மயங்கி, மேற்கொண்டு எதுவும் எழுதாமல் ஊருக்குப் போய்விட்டேன். அங்கே என் அப்பாவும் அக்காவும் கோயிலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டுரை அந்த இடத்திலேயே செத்தது. கதைக்கு நான் பொறுப்பில்லை.

2

முதல் தொடக்கம்: புதாய் கடற்கரையில் சிப்பி வாசம் வீசிய அந்த மாலையில் [நீக்கு. எங்கள் ஊரில் சிப்பி வாசம் வீசாத மாலை கிடையாது.]

இரண்டாம் தொடக்கம்: இசை என்பது [நீக்கு. இப்படித் தொடங்கிய எதையும் நானே படித்து முடித்ததில்லை.]

மூன்றாம் தொடக்கம்: அப்பா கத்தினார். [இருக்கட்டும்.]

"கடைசி இடம் எங்களுது!"

மூன்றாம் இளவரசர் எங்கள் ஊர்ச் சாமி. அவர் பிறந்தநாளன்று கோயில் முற்றத்தில் மேடை போடுவோம். யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் கடைசியில் ஏறுபவர்தான் பெரிய கை. பல வருடங்களாக அந்த இடம் அப்பாவின் 'புயல் எச்சரிக்கை' குழுவுக்கு. ஐம்பதைத் தாண்டிய நான்கு பேர். அப்பா கிட்டார், சிப்பி வளர்க்கும் ஆ-ஹாய் மாமா டிரம்ஸ்.

அக்கா பெய்-யூன், 'அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜ்' என்ற குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறாள். மூன்று பெண்கள். தைபேயில் வாசித்தாயிற்று, காவ்சியுங்கில் வாசித்தாயிற்று, ஒசாகாவுக்கே போய் வந்தாயிற்று. சொந்த ஊரில் மட்டும் ஒருமுறைகூட இல்லை.

"வெளிச்சம் இருக்கும்போதே நீங்க வாசிச்சிருங்கம்மா. கடைசில நாங்க," என்றார் அப்பா.

"வெளிச்சத்துல வாசிக்க நாங்க என்ன பாலர் பள்ளி ஆண்டு விழாவா? கடைசி. இல்லேன்னா வேண்டாம்."

"உங்க பாட்டு எப்ப ஆரம்பிக்குதுன்னே தெரியலையே. அன்னைக்கு ஃபோன்ல போட்டுக் காட்டுன. நானும் காத்துக்கிட்டே இருந்தேன்."

"எங்க இருந்தீங்க? ரெண்டு நிமிஷத்துல எழுந்து போயிட்டீங்க."

"ஃபோன் ரிப்பேருன்னு நெனச்சேன்."

அக்காவுக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டால், மேடை என்பாள். நம்பாதீர்கள். ஒசாகாவில் முன்பின் தெரியாதவர்கள் நின்று கேட்ட பாட்டை, அப்பா ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வாய்விட்டுக் கேட்கமாட்டாள், அப்பாவின் மகள்.

(இடையில் ஒரு பெருமை: மற்ற வீடுகளில் நிலத்துக்குச் சண்டை போடுகிறார்கள். எங்கள் வீட்டில் மேடைக்கு.)

3

செத்த கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை இங்கே புதைக்கிறேன். அப்பாவுக்குப் பதினேழு வயதானபோது, பள்ளியில் முடி காதைத் தொட்டால் வாத்தியாரே கத்திரியோடு வருவார். அப்பா சியாயி நகரத்துக்குப் பஸ் ஏறிப்போய்த் திருட்டு கேசட் வாங்கி, டேப் தேயும்வரை கேட்டார். அத்தனை பாடுபட்டுக் கேட்டது எப்படி மோசமான பாட்டாக இருக்க முடியும்? அக்கா பதினேழு வயதில் படுத்த இடத்திலிருந்தே ஃபோனில் உலகத்துச் சத்தம் எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்குப் பாட்டு கிடைப்பது கஷ்டமில்லை. பாட்டு நிற்பதுதான் கஷ்டம். அதனால்தான் அவள் பாட்டுகள் நிற்பதேயில்லை. நானோ, பாட்டு பிடிக்கிறதா என்று தெரிவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவுகிற தலைமுறை. ஆகவே நடுநிலையானவன்.

சரி, சாமியின் ரசனை? எங்கள் கோயிலில் எது முடிவாகாவிட்டாலும் சாமியைத்தான் கேட்பது. சிக்கல் அங்கேதான். மூன்றாம் இளவரசர் சிறுவன். படையலே லாலிபாப், பம்பரம், பொம்மைக் கார்.

"அவருக்கு ஆயிரத்துச் சொச்சம் வயசு. என்னைவிடப் பெரியவர். பெரியவங்களுக்கு எங்க பாட்டுதான் பிடிக்கும்," என்றார் அப்பா.

"ஆயிரம் வருஷமா சின்னப் பையனாவே இருக்காருப்பா. அவருக்கு இன்னும் பதினேழே ஆகல. காது திறந்துதான் இருக்கு."

(என் வாக்கியம். அவளிடம் முந்தின நாள் ஃபோனில் படித்துக் காட்டியிருந்தேன்.)

4

பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. கேள்வி கேட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டை மேலே, ஒன்று உருண்டை மேலே விழுந்தால் சம்மதம். இரண்டும் உருண்டை மேலே என்றால் வேண்டாம். இரண்டும் தட்டை மேலே என்றால் சாமி சிரிக்கிறார்.

இந்த வருடம் சாமியிடம் கேள்வி கேட்கும் பொறுப்பு அப்பாவுக்கு. போன வருடம் இதே கட்டைகள் வழியாக அவரைத் தேர்ந்தெடுத்தவரும் சாமிதான்.

"கடைசியில் புயல் எச்சரிக்கையா?" போட்டார். சிரிப்பு.

"கடைசியில் அந்த ஃப்ரிட்ஜா?" போட்டார். சிரிப்பு.

"உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு," என்றார் அக்காவிடம்.

"உங்களைப் பார்த்தும்தான் சிரிச்சாரு."

"அது சந்தோஷச் சிரிப்பு."

அப்போது ஆ-ஹாய் மாமா, "ஏம்ப்பா, நம்ம பாட்டை வருஷா வருஷம் கேட்டிருக்காரு. இந்தப் புள்ளைங்க பாட்டைக் கேட்டதே இல்லையே. கேக்காத பாட்டுக்கு எப்படிப் பதில் சொல்லுவாரு?" என்றார்.

[இங்கே ஒரு சந்தேகம். ஆ-ஹாய் மாமாவை முந்தைய வடிவத்தில் நீக்கிவிட்டு இந்த வசனத்தை அக்காவுக்குக் கொடுத்தேன். அவள் சொன்னால் வழக்கு. எதிரணி டிரம்மர் சொன்னால்தான் கதை. திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன். நல்ல மனதால் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். அவருக்குப் பசி, சண்டை முடிந்தால்தான் சாப்பாடு.]

5

மத்தியானம் மூன்று பெண்களும் முற்றத்தில் ஆம்ப், டிரம்ஸ் எல்லாம் இறக்கி, சாமியைப் பார்த்து நின்றார்கள். அப்பா முன்னால். கையில் மூன்று ஊதுபத்தி ஏற்றி, சாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகு கேள்வி முடியும்வரை கேட்பவர் நகரக் கூடாது.

இதைத் திட்டமிட்டது நான்தான் என்று எழுத ஆசை. இல்லை. வழக்கமே அப்படி. அப்பா மாட்டிக்கொண்டது அவருக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்ததா என்று அப்பா கூரையைப் பார்த்தார். டிரம்ஸ் வந்தது, கூரையிலேயே கண். அப்புறம் மற்ற இருவரும் நிறுத்த, அக்காவின் பேஸ் மட்டும் ஒரே சுரத்தில் தனியாக நின்றது. இதோ விழும், இதோ விழும் என்று தோன்றியது. விழவில்லை. அதன்மேல் அவள் குரல் ஏறியது. சாம்பல் உதிர்ந்து அப்பாவின் கைமேல் விழுந்தது. உதறவில்லை.

மெதுவாகத் திரும்பினார். சாமிக்கு முதுகு காட்டி, அவள் விரல்களைப் பார்த்து நின்றார்.

"டேய், டேய், முதுகு!" என்றார் ஆ-ஹாய் மாமா.

அப்பாவின் காதில் விழவில்லை. அந்தக் காது வேறு வேலையாக இருந்தது. என் அழகான வாக்கியம் அந்த நிமிடத்தில் தப்பாகிப் போனது. அதைவிடப் பெருமையாக என் எழுத்து எதுவும் தோற்றதில்லை.

6

முடிவுகள்.

(அ) அப்பா அழுதார். [நீக்கு. அழமாட்டார். அழுதாலும் ஊதுபத்திப் புகை என்பார்.]

(ஆ) "நீங்களே கடைசில வாசிங்கப்பா," என்று அக்கா விட்டுக்கொடுத்தாள். [நீக்கு. இதை எழுதினால் என்னைக் கொன்றுவிடுவாள்.]

(இ) மழை வந்து விழாவே [எழுத வராதபோதெல்லாம் எழுத்தாளர்கள் மழையைக் கூப்பிடுகிறார்கள். நீக்கு.]

(ஈ) நடந்தது. பாட்டு முடிந்ததும் அப்பா சாமியின் பக்கம் திரும்பி, முறைப்படி விவரம் சொன்னார்.

"எங்க தெரு, எங்க வீடு உங்களுக்குத் தெரியும். இது என் மக. சாய் பெய்-யூன். இருபத்தாறு வயசு. பேஸ் வாசிக்கிறா." கொஞ்சம் நிறுத்தினார். "நல்லா வாசிக்கிறா."

கடைசி வார்த்தை முறையில் கிடையாது.

"கடைசில இவங்கதான். அது முடிவாயிருச்சு, அதை உங்ககிட்ட கேக்கல. இவங்களுக்கு முன்னாடி, வெளிச்சம் இருக்கும்போதே, நாங்க நாலு பேரும் ரெண்டு பாட்டு வாசிச்சுக்கலாமா?"

"அடப்பாவி, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார் ஆ-ஹாய் மாமா.

"சும்மா இருடா. உன்னை யார் கேட்டா? சாமியைக் கேட்டுட்டு இருக்கேன்."

அக்கா பேஸின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

அப்பா கட்டைகளைப் போட்டார். ஒன்று அவர் காலடியிலேயே, தட்டை மேலே விழுந்தது. மற்றது உருண்டு, படையல் மேசைக்கு அடியில் போய்விட்டது.

அது எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. ஒரு தட்டை மேலே வந்தபிறகு 'வேண்டாம்' என்ற பதிலுக்கு இனி வழியே இல்லை. சம்மதம், அல்லது சிரிப்பு. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறோம். நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். மேசைத் துணியைத் தூக்கி, கொஞ்சம் குனிந்து பாருங்கள்.