உயிரோடு இருப்பவனுக்கு ஒரு மன்றாட்டு

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு நாய்க்கு நித்திய இளைப்பாற்றி கேட்டிருக்கிறோம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நவம்பர் வந்தால் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடை வைப்பார்கள். செத்துப்போனவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி யார் வேண்டுமானாலும் அதில் போடலாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்றாட்டு வாசிக்கிறவரே அந்தச் சீட்டுகளையும் வாசித்து, செத்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுவிடுவார். போன வருஷம் 'பஸ்டர்' என்று ஒரு பெயரை நானே வாசித்தேன். கோயில் முழுக்க உருக்கமாகப் பதில் சொன்னது. அது மில் ரோட்டில் யாரோ வளர்த்த நாய் என்று பூசை முடிந்து டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. ஃபாதர் துவான் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதே ஃபாதர் துவான்தான், நான் எழுதிக் கொடுத்த மன்றாட்டிலிருந்து பெலிசியானின் பெயரைப் பேனாவால் அடித்தார்.

பெலிசியான் புலே வனுவாட்டு என்கிற தீவு நாட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, எங்கள் ஊருக்கு, பருவ வேலைக்கு வந்தவன். கென் அட்டார்டின் தோட்டத்தில் குடைமிளகாய்க்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது குழாய் பிய்த்துக்கொண்டு, மருந்து அவனுடைய வலது கண்ணில் பீய்ச்சி அடித்தது. மேஸ்திரி தண்ணீரில் கழுவச் சொன்னான், தலைவலி மாத்திரை ஒன்றைக் கொடுத்தான், மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டான். ஊர் டாக்டரிடம் போவதற்குள் கருவிழியில் புண் வைத்துவிட்டது. உடனே டவுன்ஸ்வில் நகரத்துக்குப் போய்க் கண் சர்ஜனைப் பார், தாமதித்தால் கண் போய்விடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். ஆள் அனுப்பும் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அடுத்த செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டது. சொந்த ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளட்டுமாம். அவனுடைய தீவில் கண் டாக்டர் கிடையாது. இருப்பது ஒரு நர்ஸ், அந்த அம்மாளும் வாரத்தில் பாதி நாள் படகில்தான் இருப்பாளாம்.

என் காரிலேயே அவனை ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். அவன்தான் வரமாட்டேன் என்றான்.

"தோட்ட முதலாளி சொல்லாம நான் வெளிய போனா ஓடிப்போனவன்னு எழுதிருவாங்க ஆன்ட்டி. அப்புறம் எங்க ஊர்லருந்து ஒருத்தனையும் எடுக்கமாட்டாங்க. என் ஒருத்தன் கண்ணுக்காக ஊரு வயித்துல அடிக்க முடியுமா?"

ஆக, அட்டார்ட் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். 'போ' என்று ஒரு வார்த்தை. போன் செய்தேன். மனிதர் மிகவும் அன்பாகத்தான் பேசினார்.

"யாரு, நம்ம பாபியா? நல்ல பையன். பாவம்."

பாபி இல்லை, பெலிசியான் என்றேன். ஆமாம் ஆமாம் என்றார். ஆனால் அது கம்பெனி விஷயம், தான் தலையிட முடியாது என்றார். கம்பெனியைக் கேட்டால் தோட்டத்தைக் கேள் என்றார்கள். பந்து அங்கேயும் இங்கேயும் பறந்தது. இவன் கண் அழுகிக்கொண்டிருந்தது.

அட்டார்ட் கெட்டவர் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கோயிலுக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தவர். நிதிக் குழுத் தலைவர். இரண்டாவது வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு, புயல் அடித்தாலும் அங்கே இருப்பார். தீவுப் பையன்களின் பெயர் அவர் வாயில் நுழையாது. அதனால் வந்த முதல் வாரத்திலேயே பாபி, ஜிம்மி, டாமி என்று தானே பெயர் வைத்துவிடுவார். பிரியமாகத்தான் வைக்கிறார் என்பார்கள்.

அந்தப் பிரியம் எனக்குத் தெரியும். என் கொள்ளுத்தாத்தாவை இதே கடற்கரைக்குக் கரும்பு வெட்டக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் அவருக்கு ஜானி என்று பிரியமாகத்தான் பெயர் வைத்தார்கள். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. எந்தத் தீவு என்றுகூடத் தெரியாது. கரும்புக்காட்டு ஓரத்தில் எங்கோ புதைத்தார்கள். இப்போது அதன் மேல் டிராக்டர் ஓடுகிறது. அதனால் 'பாபி' என்று ஒருவர் செல்லமாகச் சொல்லும்போது எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பங்கில் நீதிக்கும் அமைதிக்கும் ஒரு குழு இருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன். தலைவர் கொலின், ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார், எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிற மனிதர். அந்தக் காலத்து இளம் தொழிலாளர் இயக்கத்தில் கற்றுக்கொண்ட முறையைத்தான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்: பார், தீர்ப்பிடு, செயல்படு. நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் குழு பார்க்கும், பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு தீர்ப்பிட ஆரம்பிக்கும். பைபிளில் எந்த வசனம் பொருந்தும், பாப்பரசர் என்ன எழுதியிருக்கிறார், மறுபக்கத்தின் நியாயம் என்ன என்று பேசிப் பேசி டீ ஆறிப்போகும். செயல்படுவதற்குள் மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

அந்த வியாழக்கிழமையும் அதேதான். பெலிசியானின் கண்ணுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டேன். கொலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவசரப்படாதீங்க டெல்மா. நாம இன்னும் தீர்ப்பிடுற கட்டத்துலதான் இருக்கோம்."

"அவன் பார்க்குற கட்டத்தையே தாண்டிக்கிட்டு இருக்கான் கொலின்" என்றேன்.

கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டு வாசிக்கும் முறை என்னுடையது என்பதால், அதிலாவது அவன் பெயரைச் சொல்லலாம் என்று முடிவானது. அதையே பெரிய செயலாக நினைத்து எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை ஃபாதரிடம் காகிதத்தைக் கொடுத்தேன். 'அட்டார்ட் தோட்டத்தில் காயம்பட்டு, கண் பார்வையை இழந்துகொண்டிருக்கும் பெலிசியான் புலேக்கு உரிய சிகிச்சை கிடைக்க' என்று எழுதியிருந்தேன். அவர் படித்தார். முதலில் அட்டார்டை அடித்தார். பிறகு பெலிசியானை அடித்தார். 'உழைக்கும் மக்கள் அனைவருக்காகவும்' என்று மேலே எழுதினார். பீடத்தில் அரசியல் வேண்டாமாம். சரி, நோயாளிகள் பெயரோடாவது அவன் பெயரையும் சேருங்கள் என்றேன். அது பங்கில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தானாம். நிதிக் குழு அப்படித் தீர்மானம் போட்டிருக்கிறதாம். நிதிக் குழுத் தலைவர் யார் என்று நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஃபாதரும் கொடியவர் இல்லை. கூரை போட்டவரின் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறவர், அவ்வளவுதான். ஆனால் பயந்தவர்கள் செய்கிற காரியத்துக்கும் கொடியவர்கள் செய்கிற காரியத்துக்கும் பெலிசியானின் கண் வித்தியாசம் பார்க்காது.

ஞாயிறு காலை. தீவுப் பையன்கள் எப்போதும்போலக் கடைசி வரிசையில் சலவைச் சட்டையோடு இருந்தார்கள். பெலிசியான் கண்ணில் கட்டோடு ஓரத்தில் இருந்தான். நான் மேடைக்குப் போய், ஃபாதர் திருத்திக் கொடுத்தபடியே வாசித்தேன். உழைக்கும் மக்கள் அனைவருக்காகவும் என்று வாசிக்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. உழைக்கும் மக்கள் அனைவரும் என்றால் யார்? அவர்களுக்கு எத்தனை கண்?

அடுத்து கூடையிலிருந்த சீட்டுகள். ஒவ்வொரு பெயராக வாசித்து முடித்தேன். எல்லோருக்கும் சேர்த்து இளைப்பாற்றி கேட்டாயிற்று. ஃபாதர் எழுந்திருக்கப் போனார்.

திட்டம் போட்டுச் செய்தேன் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். ஒரு நாயின் பெயரை இந்த வாயால் வாசித்திருக்கிறேன், இந்தப் பையன் பெயரை வாசிக்கக் கூடாதா என்று நினைத்தேன், வாய் தானாகத் திறந்துவிட்டது.

"பெலிசியான் புலே" என்றேன். "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே."

பழக்கம் என்பது பெரிய விஷயம். கோயில் முழுக்க ஒரே குரலில் பதில் வந்தது: முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக. எல்லோருடைய குரலுக்கும் மேலே கென் அட்டார்டின் குரல் கேட்டது. நல்ல கனத்த குரல் அவருக்கு. கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, மனதார வேண்டிக்கொண்டார்.

கடைசி வரிசை மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பையன் சிலுவை போட்டுக்கொண்டான். மற்றவர்கள் பெலிசியானையே பார்த்தார்கள்.

ஃபாதரின் முகம் வெளுத்துவிட்டது. நான் மேடையை விட்டு இறங்கவில்லை. "அவர் செத்துப்போகலை" என்றேன். "அதோ பின்னால இருக்கார். உயிரோட இருக்குற இவர் பேரை இங்க வாசிக்கக் கூடாதாம். அதான் இப்படி வாசிச்சேன்."

எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. பெலிசியான் எழுந்து நின்றான். அவனை நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அட்டார்ட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார், ஆனால் அவ்வளவு அமைதியில் அது பீடம் வரைக்கும் கேட்டது.

"அது நம்ம பாபியில்ல?"

அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பெலிசியான் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது. மரியாதையாகவே பேசினான்.

"பாபி இல்ல சார். பெலிசியான். இப்ப எனக்குத்தான் நீங்க முடிவில்லாத ஒளி கேட்டீங்க. அவ்வளவு வேணாம் சார். ஒரு கண்ணுக்கு இருந்தா போதும். டாக்டர்ட்ட போகட்டுமா?"

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கம்பெனியைக் கேள் என்று அட்டார்ட் எப்படிச் சொல்வார்? 'போ' என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் போனில் நாள்கணக்காகத் தொண்டை வற்றக் கேட்டிருந்தேன்.

"சத்தமா சொல்லுங்க" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் கொலின். எழுந்து நின்றுகொண்டிருந்தார், கையில் கார் சாவி.

"போயிட்டு வா" என்று அட்டார்ட் சத்தமாகச் சொன்னார்.

கொலின் அப்போதே கடைசி வரிசைக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். பூசை பாதியில் கோயிலை விட்டுப் போவது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஃபாதர் அவசர அவசரமாகக் காணிக்கைப் பாடலைத் தொடங்கச் சொன்னார். பாடகர் குழு தொடங்கியது. சேர்ந்து பாட வேண்டியவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே அவனை டவுன்ஸ்வில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் பாதிப் பார்வைதான் திரும்பும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். முதல் வாரமே வந்திருந்தால் முழுசாகக் காப்பாற்றியிருக்கலாமாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கடவுளுக்கு நன்றி என்று என்னிடம் சொல்ல வந்தவர்களைப் பார்த்து, எது முடிந்தது என்று கேட்டேன். மீதிப் பாதியை யார் கொடுப்பார்கள்? மன்றாட்டு வாசிப்பவர்கள் வரிசையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் அடித்தது. அட்டார்ட். விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, இன்ஷூரன்ஸுக்கும் வேலைப் பாதுகாப்பு இலாகாவுக்கும் விபத்தை எழுதித் தர வேண்டியிருக்கிறது என்றார். கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லையாம். கொஞ்ச நேரம் இருமினார்.

"டெல்மா, அந்தப் பையனோட முழுப் பேரை எப்படி எழுதணும்?"

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எழுதிவிட்டேன், நன்றி என்று போனை வைக்கப் போனார்.

"வைக்காதீங்க" என்றேன். "படிச்சுக் காட்டுங்க."

திக்கித் திக்கிப் படித்தார். தப்பாகப் படித்தார். மறுபடி படிக்கச் சொன்னேன்.